கெல்லி துரையும் முடியாத மாளிகையும்

பள்ளி விடுமுறை வந்தால் ஈப்போவில் உள்ள நம் வீடுகளுக்கு வெளியூரிலிருந்து உறவினர் வருவார்கள். வந்தவர்களை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று யோசித்தால் முதலில் நினைவுக்கு வருவது கெல்லி கோட்டைதான். ஈப்போவிலிருந்து 20 கிலோமீட்டர் தூரம்தான் இருக்கும். பத்து காஜாவுக்கும் கோப்பெங்குக்கும் இடையே உள்ள சாலையில், ராயா ஆற்றின் கரையில், ஒரு சிறிய குன்றின்மேல் அந்தச் செங்கல் மாளிகை நிற்கிறது. படம் எடுப்போம், மேலே ஏறி வேடிக்கை பார்ப்போம், பேய்க்கதை பேசுவோம், கீழே இறங்கி இளநீர் குடித்துவிட்டு வீடு திரும்புவோம். அதைக் கட்டியவர் யார், ஏன் கட்டினார், ஏன் பாதியில் விட்டார் என்று கேட்பவர்கள் குறைவு.

போன வருட விடுமுறையில் என் மூத்த மகன் அதைக் கேட்டுவிட்டான். ஒரு வீட்டை இவ்வளவு பெரிதாகக் கட்டிவிட்டு ஏன் கதவு ஜன்னல் வைக்காமல் போனார்கள் என்பது அவன் கேள்வி. நான் பாலிடெக்னிக்கில் கட்டடத் துறையில் டிப்ளோமா படித்தவன். இப்போது செங்கல், சிமெண்ட், ஓடு விற்கும் வியாபாரம். வீடு கட்டுவது பற்றி என்னிடம் கேட்டு நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றது அன்றுதான். அதன் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதை நம் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மலரில் எழுதுகிறேன். ஒரு வெள்ளைக்காரத் துரையின் கதை நம் மலரில் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கடைசிவரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஸ்காட்லாந்துப் பையன்

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் வடக்கே மோரே வட்டாரத்தில் பிறந்தார். கெல்லாஸ் என்பது அவர் குடும்பத்தின் பண்ணை இருந்த சிற்றூர். குளிரும் கல்லும் நிறைந்த நாட்டுப்புறம் அது. அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்து இளைஞர்கள் பிழைப்புத் தேடிக் கப்பலேறுவது சாதாரணம். நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கியதைப் போலத்தான் அவர்களும் கனடாவுக்கும், இலங்கைக்கும், மலாயாவுக்கும் போனார்கள். ஆனால் அவர்கள் வந்து இறங்கிய நாடு அவர்களுடைய அரசின் ஆட்சியில் இருந்தது. நம்மவர்கள் கூலிக்கும் சிறு வியாபாரத்துக்கும் வந்தார்கள். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால் கதை சரியாகப் புரியாது.

ஸ்மித் 1890-இல் மலாயாவுக்கு வந்தபோது வயது 20. அப்போது பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. தலைநகர் தைப்பிங். கிந்தா வட்டாரத்தின் நிர்வாகம் பத்து காஜாவில் இருந்தது. ஈப்போ வளர்ந்துவரும் ஈய நகரம். கிந்தா பள்ளத்தாக்கில் எங்கே தோண்டினாலும் ஈயம் கிடைத்த காலம் அது. சீனர்களின் லம்பங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். காட்டை அழிக்கவும், நிலத்தை அளக்கவும், சடக்கு போடவும் ஆள் தேவைப்பட்டது.

சார்லஸ் அல்மா பேக்கர் என்ற நியூசிலாந்துக்காரர் பத்து காஜாவை மையமாகக் கொண்டு நில அளவைத் தொழில் செய்துவந்தார். பேராக்கில் சுமார் 9,000 ஹெக்டர் காட்டைத் திருத்தும் அரசாங்கக் குத்தகை அவரிடம் இருந்தது. ஸ்மித் அவரிடம் சேர்ந்தார். காட்டிலும் சேற்றிலும் மலேரியாவுக்கு நடுவே செய்த வேலைதான் அவருக்கு மூலதனத்தைக் கொடுத்தது. பரம்பரைச் சொத்தோடு வந்து இறங்கியவர் அல்ல அவர். வேலை செய்து, லாபத்தில் தன் பங்கைச் சேர்த்து வைத்து, நிலம் வாங்கினார். வியாபாரிகளாகிய நமக்கு இது புரியும். முதல் காசு சேர்வதுதான் கஷ்டம்.

கிந்தா கெல்லாஸ் தோட்டம்

சேர்த்த பணத்தில் கிந்தா வட்டாரத்தில் சுமார் 1,000 ஏக்கர் காட்டு நிலத்தை வாங்கினார். அதற்குத் தன் ஊர்ப் பெயரையே வைத்து கிந்தா கெல்லாஸ் என்று அழைத்தார். கித்தா நட்டார். ஈயத்திலும் இறங்கினார்.

கித்தா மரம் இந்த நாட்டு மரமல்ல என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. 1876-இல் பிரேசிலிலிருந்து விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், அங்கே முளைத்த செடிகள் இலங்கைக்கு வந்தன. 1877-இல் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் சிலவற்றைப் பேராக்கின் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் தன் வீட்டருகே நட்டார். அந்தத் தலைமுறை மரம் ஒன்றைக் கோலகங்சாரில் இன்றும் பாதுகாத்து வருகிறார்கள். முதல் 20 ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. மோட்டார் காடி வந்து டயருக்கு ரப்பர் தேவைப்பட்டதும் நிலைமை மாறியது. 1910-இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. முன்கூட்டியே மரம் நட்டு வைத்திருந்தவர்கள் திடீர்ப் பணக்காரர்கள் ஆனார்கள். ஸ்மித்தும் அவர்களில் ஒருவர்.

அந்த மரத்தில் பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, கையில் விளக்கோடு வெட்டுக்காட்டுக்குப் போய், மரம் மரமாகக் கோடு போட்டு, பால் எடுத்துச் சுமந்து வந்தவர்கள் அவர்கள். 1910 வரை ஒப்பந்தக் கூலிமுறை இருந்தது. அதன் பிறகும் கங்காணிகள் ஊருக்குப் போய் ஆள் கூட்டிவந்தார்கள். லயத்து வீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை கிடைப்பதே பெரிது. அந்த லயங்களுக்குத் துணியும் மசாலாவும் அரிசியும் கொண்டு போனவர்களில் நம் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் உண்டு. என் பாட்டனாரும் அப்படித்தான். சைக்கிளின் பின்னால் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு பத்து காஜா வட்டாரத் தோட்டங்களைச் சுற்றி வந்தவர். சம்பள நாளில் வசூல், மற்ற நாளில் கடன். குன்றின்மேல் நின்ற அந்தப் பாழடைந்த மாளிகையைத் தாண்டித்தான் போவாராம். அதன் நிழலில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்ததுண்டு என்று என் அத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

முதல் வீடும் குடும்பமும்

கையில் பணம் வந்த பிறகு ஸ்மித் ஊருக்குப் போனார். 1903-இல் ஆக்னஸ் என்ற பெண்ணை மணந்து மலாயாவுக்கு அழைத்து வந்தார். அடுத்த ஆண்டு ஹெலன் என்ற மகள் பிறந்தாள். 1910 வாக்கில் தன் தோட்டத்துக் குன்றின்மேல் முதல் வீட்டைக் கட்டினார். அதற்குப் பெயர் கெல்லாஸ் இல்லம். அந்த வீடு இரண்டாம் உலகப் போரின்போது சேதமடைந்தது. அதன் மிச்சம் இன்றும் பெரிய மாளிகைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் வீடு கட்டக் குன்றைத் தேடினார்கள். பத்து காஜாவிலேயே சங்காட் என்ற மேட்டில்தான் அரசாங்க அதிகாரிகளின் பங்களாக்களும், நீதிமன்றமும், மருத்துவமனையும் அமைந்தன. மேட்டில் காற்று வரும், வெள்ளம் வராது, கொசு குறைவு. இன்னொரு காரணமும் உண்டு. மேலேயிருந்து பார்த்தால் தோட்டம் முழுவதும் தெரியும். கீழேயிருந்து பார்த்தாலும் துரையின் வீடு எல்லாருக்கும் தெரியும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இப்போது குன்றைக் குடைந்து கட்டும் பெரிய வீடுகளுக்குப் பொருள் சப்ளை செய்திருக்கிறேன். காரணங்கள் பெரிதாக மாறிவிடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மகளுக்குப் பின் பல ஆண்டுகள் அந்தத் தம்பதிக்குக் குழந்தை இல்லை. சொத்துக்கு ஒரு மகன் வேண்டும் என்பது ஸ்மித்தின் ஏக்கம். 1915-இல் ஆண்டனி பிறந்தான். மகன் பிறந்த மகிழ்ச்சியில் அதே ஆண்டு பழைய வீட்டையொட்டிப் பெரிய மாளிகை ஒன்றைத் தொடங்கினார். நாம் இன்று பார்ப்பது அதைத்தான்.

மாளிகையின் அமைப்பு

ஆற்றைக் கடந்து குன்றில் ஏறினால் முதலில் கண்ணில் படுவது கோபுரம். அது ஆறு மாடி உயரம். அதற்குள் லிஃப்ட் வைக்கத் திட்டமிட்டு, சதுரக் குழாய் போல இடம் விட்டிருக்கிறார்கள். மலாயாவில் லிஃப்ட் வைக்கத் திட்டமிட்ட முதல் வீடு இதுதான் என்று சொல்வார்கள். கட்டடத்தில் 14 அறைகள். கீழே மதுபானம் வைக்கும் நிலவறை. வீட்டுக்குள்ளேயே டென்னிஸ் ஆட இடம். மேல்தளத்தில் விருந்து வைக்கத் திறந்த முற்றம். மேலே போனால் கைப்பிடிச் சுவர் இல்லாத இடங்கள் இருந்ததாகப் பழைய ஆட்கள் சொல்வார்கள். இப்போது பாதுகாப்புத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் கையை எப்படியும் விடாதீர்கள்.

இந்த மாளிகையை ஸ்காட்லாந்துக் கோட்டை என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். கோபுரம் அப்படித் தோன்றினாலும் ஜன்னல்களைப் பாருங்கள். பல இடங்களில் குதிரை லாடம் போல அடியில் குறுகி மேலே விரியும் வளைவுகள். அது ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் முஸ்லிம்கள் கட்டிய கட்டடங்களின் வளைவு. கோர்டோபாவின் பெரிய பள்ளிவாசலில் எட்டாம் நூற்றாண்டிலேயே அது இருக்கிறது. அதனோடு ரோமானியப் பாணித் தூண்களும் அலங்காரமும் கலந்திருக்கின்றன. இந்தியாவில் ஆண்ட ஆங்கிலேயர்கள் இப்படிக் கலந்து கட்டுவதை வழக்கமாக்கியிருந்தார்கள். சென்னையில் 1892-இல் முடிந்த உயர்நீதிமன்றக் கட்டடம் அந்த வகை. மலாயாவில் கோலாலம்பூரின் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் அந்த வகை.

ஸ்மித்துக்கு இந்தியக் கட்டடங்களின்மேல் பெரிய ஈர்ப்பு இருந்தது. செங்கல்லையும் சலவைக்கல்லையும் இந்தியாவிலிருந்து வரவழைத்தார். வேலைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கொத்தனார்களைக் கொண்டுவந்தார். நான் அங்கே போகும்போதெல்லாம் சுவரைத்தான் தடவிப் பார்ப்பேன். வளைவு கட்டும்போது கீழே மரச்சாரம் கொடுத்து, செங்கல்லை ஆப்பு போலச் சாய்த்து அடுக்கி, நடுவில் கடைசிக் கல்லை இறுக்கி வைத்தால்தான் சாரத்தை எடுத்த பிறகு வளைவு நிற்கும். ஒரு கல் பிசகினால் எல்லாம் விழும். நூறு ஆண்டு மழையும், கவனிப்பில்லாத காலமும், வேர் விட்ட செடிகளும் கடந்து அந்த வளைவுகள் நிற்கின்றன. அவற்றைக் கட்டிய கொத்தனார்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. பல அறைகளில் பூச்சு வேலை நடக்கவே இல்லை. செங்கல் அப்படியே தெரிகிறது. கட்டடம் படிக்கும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. பூசி முடித்த வீட்டில் அதைப் பார்க்க முடியாது.

காய்ச்சல் வந்த வருடம்

மாளிகை பாதி உயர்ந்து நின்றபோது 1918 வந்தது. முதல் உலகப் போரின் கடைசி மாதங்களில் ஸ்பானிஷ் காய்ச்சல் என்ற விஷக் காய்ச்சல் உலகம் முழுவதும் பரவி, கோடிக்கணக்கானோரைக் கொன்றது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் மலாயாவின் தோட்டங்களில் அது கடுமையாக அடித்தது. லயங்களில் நெருக்கமாகக் குடியிருந்தவர்கள் கூட்டமாகப் படுத்தார்கள். கோவிட் காலத்தை நாம் பார்த்துவிட்டதால் இது நமக்கு இப்போது நன்றாகப் புரிகிறது. அப்போது தடுப்பூசி கிடையாது, ஆக்சிஜன் கிடையாது. கெல்லாஸ் தோட்டத்திலும் மாளிகை வேலையிலும் இருந்த தமிழர்கள் பலர் இறந்தார்கள். வேலை நின்றது.

உயிரோடு இருந்த தொழிலாளர்கள் துரையிடம் போனார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வு அல்ல. ஊரில் அம்மை, காய்ச்சல் என்றால் மாரியம்மனை வேண்டுவது அவர்கள் வழக்கம். தங்களுக்கு ஒரு மாரியம்மன் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள். ஸ்மித் சம்மதித்தார். தன் மாளிகைக்கு வைத்திருந்த ஆட்களையும் பொருளையும் கொண்டு தோட்டத்தில் கோயில் கட்டிக் கொடுத்தார். அந்த நன்றிக்காகத் தொழிலாளர்கள் கோயிலின் மேற்புறத்தில் சாமி சிலைகளோடு தொப்பி போட்ட ஒரு துரையின் உருவத்தையும் வைத்தார்கள். அது இன்றும் இருக்கிறது.

இதை எழுதும்போது ஸ்மித்தைப் பெரிய வள்ளல் ஆக்கிவிட நான் விரும்பவில்லை. அந்தத் தோட்டத்தின் செல்வம் எல்லாம் அந்தத் தொழிலாளர்களின் கையிலிருந்து வந்தது. அவர் ஆறு மாடிக் கோபுரம் எழுப்பியபோது அவர்கள் லயத்தில் ஓர் அறையில் இருந்தார்கள். ஆனாலும் கேட்டவர்களை விரட்டாமல், அவர்களுடைய நம்பிக்கையை ஏளனம் செய்யாமல், தன் வீட்டு வேலையைத் தள்ளி வைத்து அவர்கள் கேட்டதைச் செய்தார். நம்முடைய வணக்கமுறை வேறு. என்றாலும் ஒரு மனிதன் மற்றவர்களின் துயரத்தில் செய்த நல்ல காரியத்தை நல்ல காரியம் என்று சொல்வதில் நமக்குத் தயக்கம் தேவையில்லை.

லிஸ்பனில் முடிந்த பயணம்

காய்ச்சல் போன பிறகு மாளிகை வேலை மறுபடி தொடங்கினாலும் காலம் மாறிவிட்டது. போருக்குப் பின் ரப்பர் விலை சரிந்தது. 1910-இல் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்ற ரப்பர் 1921-இல் ஒரு ஷில்லிங்குக்கும் கீழே போனது. 1922-இல் அரசாங்கம் ஸ்டீவன்சன் திட்டம் கொண்டுவந்து ஏற்றுமதிக்கு வரம்பு போட்ட பிறகுதான் விலை மெல்ல ஏறியது. கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு இழுத்துக்கொண்டே போனது. பத்து ஆண்டுகள் கடந்தும் குடிபோகும் நிலைக்கு வரவில்லை.

1926-இல் ஸ்மித் ஐரோப்பாவுக்குப் போனார். மாளிகைக்கான லிஃப்டை எடுத்துவரும் நோக்கமும் அந்தப் பயணத்தில் இருந்தது என்பார்கள். போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் அவருக்கு நிமோனியா கண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அங்கேயே இறந்தார். வயது 56. அடக்கமும் லிஸ்பனிலேயே நடந்தது. பிறந்த கெல்லாஸிலும் இல்லை, அதே பெயரில் அவர் உருவாக்கிய கிந்தா கெல்லாஸிலும் இல்லை. காடு அழித்து, மரம் நட்டு, 36 ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த மண்ணில் ஆறடி அவருக்குக் கிடைக்கவில்லை.

ஆக்னஸ் மனம் உடைந்து போனார். பிள்ளைகளோடு அவர் மலாயாவில் தங்கவில்லை. தோட்டமும் மாளிகையும் ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் கம்பெனிக்கு விற்கப்பட்டன. கம்பெனிக்கு வேண்டியது மரங்கள். மாளிகை அவர்களுக்குத் தேவையில்லை. கதவில்லாத வீட்டுக்குள் காடு புகுந்தது. வேர் சுவரைப் பிடித்தது, வௌவால் குடியேறியது, பேய்க்கதை பிறந்தது. யாருக்காகக் கட்டினாரோ அந்த மகன் அதில் ஒரு நாளும் குடியிருக்கவில்லை.

பல பத்து ஆண்டுகளுக்குப் பின் செடிகொடிகளை வெட்டிச் சுத்தம் செய்து சுற்றுலாத் தலமாக்கினார்கள். 1999-இல் வெளிவந்த அன்னா அண்ட் த கிங் என்ற ஹாலிவுட் படத்தின் காட்சிகள் அங்கே எடுக்கப்பட்டன. இப்போது டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம்.

அதே காலத்தில் எழுந்த இன்னொரு கட்டடம்

இந்தக் கதையை முடிக்குமுன் இன்னொரு கட்டடத்தைச் சொல்ல வேண்டும். கெல்லி துரை குன்றின்மேல் மாளிகை தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1913-இல், கோலகங்சாரில் இன்னொரு குன்றின்மேல் ஒரு வேலை தொடங்கியது. பேராக் சுல்தான் இத்ரிஸ் நோயிலிருந்து குணமானால் பள்ளிவாசல் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். குணமானார். அதன்படி உபுடியா பள்ளிவாசலுக்கு அடிக்கல் நாட்டினார். வரைபடம் போட்டவர் ஹப்பாக் என்ற பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர். நம் ஈப்போ ரயில் நிலையத்துக்கும் அவரே வரைபடம் போட்டவர். பள்ளிவாசலுக்கு இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்து இறங்கியது. அரண்மனையைச் சேர்ந்த இரண்டு யானைகள் சண்டை போட்டு அந்தக் கற்களை மிதித்து நொறுக்கிவிட்டன. மறுபடி கல் வாங்க வேண்டும். அதற்குள் போர் வந்துவிட்டது. கல் தாமதமானது, செலவு ஏறியது. 1916-இல் சுல்தான் இத்ரிஸ் காலமானார். பள்ளிவாசல் முடிவதை அவர் பார்க்கவில்லை.

இரண்டு பேரும் கட்டத் தொடங்கியதை முடிக்காமல் போனவர்கள். இரண்டு கட்டடத்துக்கும் போர் இடைஞ்சல், பொருள் இடைஞ்சல். ஆனால் உபுடியா பள்ளிவாசல் நிற்கவில்லை. அடுத்த சுல்தான் அதைத் தொடர்ந்தார். 1917-இல் முடிந்து திறக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே தொழுகை நடக்கிறது. நம்மில் எத்தனையோ பேர் அங்கே தொழுதிருக்கிறோம். காரணம் எளிது. அந்தக் கட்டடம் வேண்டும் என்று நினைத்தவர் ஒருவர் அல்ல. ஒருவர் போனால் அடுத்தவர் கல்லை எடுத்து வைத்தார். கெல்லி மாளிகையை வேண்டியவர் ஒருவரே. அவர் மூச்சு நின்றதும் கொத்தனாரின் கரண்டியும் நின்றது.

இதற்கு வெகுதூரம் போகவும் வேண்டாம். ஈப்போ பாடாங்கின் ஓரத்தில் உள்ள பள்ளிவாசலை 1908-இல் கட்டியவர் ஷேக் ஆதம் என்ற இந்திய முஸ்லிம் வணிகர். மாளிகையோடு ஒப்பிட்டால் சிறிய கட்டடம்தான். ஆனால் அதன் கதவு திறக்காத நாள் உண்டா? கெல்லி துரையின் காரியத்திலும் இதையே பார்க்கிறோம். மகனுக்காக அவர் பத்து ஆண்டு கட்டிய மாளிகை வெறும் சுவராக நிற்கிறது. காய்ச்சலில் தவித்த தொழிலாளர்கள் கேட்டதற்காகக் கட்டிக் கொடுத்த கோயிலில் இன்றும் மக்கள் கூடுகிறார்கள். அவருடைய உருவத்தை வைத்திருப்பவர்களும் அவர்களே.

நமக்கு

நம் சங்கம் தொடங்கி ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. தொடங்கியவர்களில் பலர் சிறிய வாடகைக் கடைகளில் இருந்தவர்கள். சிலர் தோட்டங்களுக்குச் சைக்கிளில் போனவர்கள். சொந்த வீடு இல்லாதபோதே சங்கத்துக்குச் சந்தா கட்டியிருக்கிறார்கள் என்பதைப் பழைய ரசீதுப் புத்தகங்களில் பார்த்தேன். என் பாட்டனாரின் பெயருக்கு நேரே இரண்டு வெள்ளி என்று எழுதியிருந்தது. அந்த மாதம் அவர் கையில் எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த இரண்டு வெள்ளிகள் சேர்ந்துதான் மையத்துச் செலவுக்கும், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும், மத்ரஸாவுக்கும் உதவின. அவர்களில் அநேகர் இன்று நம்மிடையே இல்லை. ஆனால் அவர்கள் தொடங்கிய வேலை நிற்கவில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கும் குன்றோரத்தில் ஒரு மனை இருக்கிறது. இரண்டரை மாடியில் வீடு கட்ட வரைபடமும் போட்டு வைத்திருந்தேன். வங்கிக் கடன் வாங்கினால் 30 ஆண்டு கட்ட வேண்டும். எனக்குப் பொருள் கடன் கொடுக்கும் மொத்த வியாபாரிக்கே நான் பாக்கி வைத்திருக்கிற நேரத்தில் அந்த வரைபடத்தை எதற்குப் போட்டேன் என்று மகனின் கேள்விக்குப் பிறகுதான் யோசித்தேன். கட்டிய வீட்டைப் பாதியில் விட்டுப் போனவர்களை என் தொழிலிலும் பார்த்திருக்கிறேன். சிலர் கடனால், சிலர் மரணத்தால். இப்போது வரைபடத்தைக் குறைத்துவிட்டேன். ஒரு மாடிதான். மிச்சத்தில் ஒரு பகுதியைச் சங்கத்தின் கல்வி நிதிக்கு மாதாமாதம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். பெரிய தொகை அல்ல. பெருமைக்காகவும் சொல்லவில்லை. என் வயதுள்ள வியாபாரிகள் இதைப் படித்து ஒரு முறை கணக்குப் பார்க்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைக் கெல்லி கோட்டைக்கு அழைத்துப் போங்கள். பேய்க்கதையோடு இந்தக் கதையையும் சொல்லுங்கள். பூசாத சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வளைவுகளைக் கட்டியவர்கள் நம் ஊர்ப் பக்கத்துக்காரர்கள் என்று சொல்லுங்கள். திரும்பும் வழியில் ஈப்போ பாடாங் பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போங்கள். இரண்டு கட்டடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள்.

நம் சங்கத்தைக் கட்டியவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களுடைய நற்செயல்களை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.